பாட்டு வந்தால் கதை நிற்கிறதா?

கேள்வி, ஜூன் 2

பாட்டு வந்ததும் படம் அப்படியே நின்றுவிடுகிறது. ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் கதையில் ஒன்றும் குறைவதில்லை. பாடலைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். இசைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு காட்சியமைப்பு, அர்த்தம் என்று ஆராய்கிறார்களே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஜூன் 3, காலை

ஒத்துக்கொள்ள மாட்டேன். வாதம் அப்புறம் செய்யலாம், முதலில் ஒரு பரிசோதனை. உங்களுக்குப் பிடித்த பாட்டுக் காட்சி ஒன்றை எடுங்கள். சத்தத்தை முழுக்க நிறுத்துங்கள். வீட்டுக்கு பிளான் போடுவதுபோல மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு கட்டம் வரைந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். ஆள் நகர்ந்தால் ஒரு கோடு. கேமராவுக்கு ஒரு முக்கோணம். பாட்டு முடிந்ததும் அந்தத் தாளைப் பாருங்கள். ஆரம்பத்தில் இருந்த இடத்திலேயே எல்லாரும் இருந்தால் கதை நின்றுவிட்டது என்று நீங்கள் சொல்வது சரி.

எட்டு வருஷமாக இப்படி வரைகிறேன். மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. நல்ல படங்களில் ஆள் எப்படியும் இடம் மாறியிருக்கிறார்.

ஜூன் 3, இரவு

வெறுமனே சொன்னால் போதாது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, எல்லாருக்கும் தெரிந்த படம். 1968-இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’. அதில் ‘மறைந்திருந்து பார்க்கும்’ பாட்டு.

எனக்கு அந்தப் பாட்டு முதலில் காது வழியாகத்தான் வந்தது. இலங்கை வானொலியில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பி. சுசீலாவின் குரலைக் கேட்டு, ஒரு தோட்டத்தில் ஒருத்தி ஆளைத் தேடிக்கொண்டு போகிறாள் என்று எனக்குள் ஒரு படம் ஓடும். செடிக்குப் பின்னால் அவன் ஒளிந்திருக்கிறான், அவள் சிரித்துக்கொண்டே தேடுகிறாள். பல வருஷம் கழித்து எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு அந்தப் படம் வந்தபோதுதான் கண்ணால் பார்த்தேன். தோட்டமே இல்லை! சபை நிறையக் கூட்டம். மேடையில் மோகனாம்பாளாக பத்மினி ஆடுகிறார். நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரமாக சிவாஜி, தன் கோஷ்டியோடு கூட்டத்துக்குப் பின்னால் தூண் மறைவில் நின்று பார்க்கிறார்.

மணல் தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று அது ஒரு பெரிய ஏமாற்றம். பிறகு யோசித்துப் பார்த்தால், நான் கற்பனை செய்து வைத்திருந்ததைவிட எவ்வளவு பெரிய விஷயத்தை அந்த இடம் சொல்கிறது! அவர் கோபக்காரர், ரோஷக்காரர். ஒரு பெண்ணின் ஆட்டத்தைப் பார்க்க முன்வரிசையில் போய் உட்கார அவருடைய கௌரவம் இடம் கொடுக்காது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கௌரவம், ஆசை இரண்டுக்கும் நடுவில் நிற்க ஓர் இடம் வேண்டும், அதுதான் தூண் மறைவு. வசனமாக எழுதினால் ஒரு பக்கம் வேண்டியிருக்கும்.

ஜூன் 5

“தூண் இருந்தால் ஒளிவார்கள், இதில் என்ன காட்சியமைப்பு” என்று கேட்டவருக்கு.

நீங்கள் அவரை மட்டும் பார்க்கிறீர்கள். மேடையைப் பாருங்கள். பரதம் ஆடுகிறவருக்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு. சபை இருக்கிற பக்கம் அது. உடம்பு அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்க வேண்டும். அவளோ சபைக்குள் இருக்கிற ஒரே ஒருவரிடம் பேச வேண்டும், அதைச் சபையும் கண்டுபிடிக்கக் கூடாது. ஆட்டம் ஊருக்கு, பேச்சு ஒருவருக்கு. அதற்குத் தகுந்த மாதிரி பாட்டும் தெய்வத்தைப் பார்த்துப் பாடுகிற பாட்டாக இருக்கிறது. தெய்வத்தைக் கேட்டால் யாரும் தப்பு சொல்ல முடியாதே. கண்ணதாசன் தெய்வப் பெயர்களாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ‘ஷண்முகா’வில் கொண்டுவந்து நிறுத்துகிறார். அதுதான் அந்த மனிதரின் பெயரும். கே.வி. மகாதேவன் எடுத்துக்கொண்ட ராகம் ஷண்முகப்ரியா. சபைக்குக் கேட்பது முருகன் பெயர். தூண் பக்கம் நிற்கிறவருக்குக் கேட்பது வேறு.

ஜூன் 6

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். என் மகள்தான் செய்தாள். பத்து வருஷமாக பரதம் கற்கிறாள். என் தாளைப் பார்த்துவிட்டு, “அப்பா, புள்ளி எல்லாம் சரியா இருக்கு. கண் எங்கே?” என்று கேட்டாள்.

புரியவில்லை. அப்புறம் உட்கார வைத்துக் காட்டினாள். நாட்டியம் கற்கிற எல்லாக் குழந்தைகளும் ஆரம்பத்திலேயே அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலிலிருந்து ஒரு சுலோகம் படிப்பார்கள். கை போகிற இடத்துக்குக் கண் போகும், கண் போகிற இடத்துக்கு மனம் போகும், மனம் போனால் பாவம், அதாவது உணர்ச்சி வெளிப்பாடு, பாவம் வந்தால் ரசம், அதாவது பார்க்கிறவருக்குச் சுவை. “இது அடிப்படை. அப்போ கை ஒரு பக்கம் இருக்கும்போது கண் இன்னொரு பக்கம் போனா என்ன அர்த்தம்?” என்றாள்.

அந்த இடத்தை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். கை சபைக்கு உரியதைச் செய்துகொண்டிருக்கிறது. கண் ஒரு கணம் தூண் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து கையோடு சேர்ந்துகொள்கிறது. தெரியாதவருக்கு அது அழகான ஒரு பார்வை, அவ்வளவுதான். ஆட்டம் தெரிந்தவருக்கு அங்கே ஒரு விதி மீறப்படுகிறது. மனம் எங்கே போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

எட்டு வருஷமாக ஆட்களுக்குப் புள்ளி வைத்தேனே தவிர, ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் பார்வைக் கோடு போட்டதே இல்லை. இனிமேல் சிவப்புப் பேனாவில் அதுவும் உண்டு.

ஜூன் 6, கொஞ்ச நேரம் கழித்து

சிவப்புக் கோடு போட்டதும் இன்னொன்று தெரிந்தது. தவில்காரராக வரும் டி.எஸ். பாலையா எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். மேடையையும் பார்க்கிறார், பக்கத்தில் நிற்கும் சண்முகசுந்தரத்தின் முகத்தையும் பார்க்கிறார். அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று நமக்குச் சொல்வது பாலையாவின் கண்தான். தியேட்டரில் சிரிப்பு வருவதும் அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

ஜூன் 9

மேல்நாட்டுப் படங்கள் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அங்கே இரண்டு பெரிய வழிகள் உண்டு.

ஒன்று ஹாலிவுட் நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி. 1933-இல் வார்னர் பிரதர்ஸுக்காக அவர் அமைத்த நடனங்களில் கேமரா தலைக்கு மேலே போய்விடும். மேலிருந்து பார்த்தால் ஆளே இல்லை. கைகால்கள் பூ இதழாக விரிந்து மூடுகின்றன. முதல் உலகப் போரில் ராணுவ அணிவகுப்பைப் பழக்கியவர் அவர் என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தப் பூக்களுக்குள் சிப்பாய் வரிசைதான் தெரிகிறது. அந்தக் கோணத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. சிவப்புப் பேனாவுக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொன்று ஹாலிவுட் நடன நடிகர் ஃபிரெட் அஸ்டேர். தலை முதல் கால் வரை தெரிய வேண்டும், கட் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். ஏன் என்று ஆடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலை மட்டும் தனியாகக் காட்டினால் அது வித்தை. முகத்தை மட்டும் காட்டினால் நடிப்பு. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடப்பதைக் காட்டினால்தான் ஆட்டம்.

இந்த இரண்டு வழிகளில் நான் அஸ்டேர் பக்கம்.

ஜூன் 10

‘சந்திரலேகா’வை விட்டுவிட்டேன் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான். 1948 ஏப்ரலில் வந்த எஸ்.எஸ். வாசனின் படம். முரசு நடனத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பிரம்மாண்டம் என்று சொல்லிவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம்.

முதல் கேள்வி கேட்ட நண்பருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அரண்மனைக்கு முன்னால் வரிசை வரிசையாக ஆள் உயர முரசுகள். அவற்றின் மேல் ஏறி ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வாளோடு வெளியே வருகிறார்கள். இத்தனை நேரம் வில்லன் சசாங்கன் எதை மேடை என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தானோ அது ஒரு படை. பாட்டை ஓட்டிவிட்டுப் பார்த்தால் படை எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. கதை அந்தப் பாட்டுக்குள்தான் நடக்கிறது, அதுவும் ஆடுகிறவர்களின் காலுக்குக் கீழே.

பெர்க்லி பற்றி நேற்று கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். முரசு நடனத்திலும் தூரத்துக் காட்சிகள், உயரத்திலிருந்து எடுத்த காட்சிகள் எல்லாம் இருக்கின்றன, ஆள்கள் வெறும் வரிசையாகத்தான் தெரிகிறார்கள். இங்கே அந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. வரிசையாக நிற்பதைப் பார்த்ததுமே சசாங்கனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அழகு அவன் கண்ணை மறைத்துவிட்டது. ஆக, கேமரா உயரத்துக்குப் போவதில் தப்பில்லை. எதற்காகப் போகிறது என்று கேட்க வேண்டும்.

ஜூன் 14

ஒரு பழைய தப்பைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும்.

1954-இல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் எடுத்த ‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ என்ற படம். ஏழு அண்ணன் தம்பிகள், ஏழு மணப்பெண்கள். அதில் ஊர் கூடித் தானியக் களஞ்சியம் கட்டுகிற இடத்தில் ஒரு நடனம் வரும். மைக்கேல் கிட் அமைத்தது. ஆறு தம்பிகளும் ஊர்ப் பையன்களும் அதே பெண்களுக்காகப் போட்டி போட்டு ஆடுவார்கள். பலகை மேல் நடப்பார்கள், குதிப்பார்கள். நான் முதலில் பார்த்தது ஒரு வீடியோ கடையில் வாங்கிய கேசட்டில். பார்த்துவிட்டு நோட்டில் எழுதினேன்: “பாதி ஆட்டம் திரைச் சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) வெளியே நடக்கிறது. போட்டியாளரைப் பார்க்கவிடாமல் செய்து இயக்குநர் பதற்றம் உண்டாக்குகிறார்.” இதை ஒரு கூட்டத்திலும் பேசினேன்.

சில வருஷம் கழித்து அகலத்திரையில் பார்த்தபோது நெஞ்சு பகீர் என்றது. எல்லாரும் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்! சினிமாஸ்கோப்பில் எடுத்த படத்தை டிவிப் பெட்டிக்குத் தகுந்த மாதிரி இரண்டு பக்கமும் வெட்டிய பிரதி நான் பார்த்தது. வெட்டியதற்கு நான் தத்துவம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முழுச் சட்டத்தில் பார்த்தால் அது வேறு நடனம். தம்பிகளுக்கு ஆளுக்கொரு நிறத்தில் சட்டை. எத்தனை பேர் குறுக்கே வந்தாலும் எந்தத் தம்பி எந்தப் பெண்ணிடம் போகிறான் என்று கண் விடாமல் பின்தொடர முடிகிறது. அந்த அகலம் முழுக்க ஒரே நேரத்தில் ஆறு கதைகள் ஓடுகின்றன. வெட்டின பிரதியில் இரண்டுதான் மிஞ்சும்.

காட்சியமைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சட்டம் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். போனில் பார்க்கிறவர்களும்தான். ஆப் தானாகப் பெரிதாக்கிவிட்டால் தலையும் காலும் போய்விடும்.

ஜூன் 15

ஜூன் 3-இல் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு குறை இருக்கிறது. ‘நலந்தானா’ பாட்டை அப்படிப் பார்த்தபோது தெரிந்தது.

அதே படம், அதே இரண்டு பேர். இந்தத் தடவை தூண் கிடையாது. அவரும் மேடையில் இருக்கிறார். வாசிப்பது அவர், ஆடுவது அவள். காயம்பட்டுத் தேறி வந்திருப்பவரிடம் சுகமா என்று கேட்க வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. தாளில் வரைந்தால் இரண்டு புள்ளிகளும் கிட்டத்தட்ட ஒட்டி நிற்கின்றன. முதல் பாட்டுக்கும் இதற்கும் நடுவே படம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது அந்த இரண்டு தாள்களை அருகருகே வைத்தாலே தெரியும். மறைவில் நின்றவர் இப்போது சபைக்கு முன்னால், அவள் பக்கத்திலேயே.

இது வரை சத்தம் வேண்டாம். இதற்கு மேல் வேண்டும். ஏனென்றால் அவரால் பதில் சொல்ல முடியாது. வாயில் நாதஸ்வரத்தை ஊதுகிற சீவாளி இருக்கிறது! பாடகராக இருந்திருந்தால் பதிலுக்கு ஒரு சரணம் பாடியிருப்பார், வழக்கமான டூயட் ஆகியிருக்கும். நாதஸ்வரக்காரர் என்பதால் அவளுக்கு வார்த்தை இருக்கிறது, அவருக்கு வாத்தியமும் கண்ணும்தான். சத்தத்தை நிறுத்தியபோது அவள் கேட்பது தெரிந்தது, அவர் பதில் சொல்வதே எனக்குத் தெரியவில்லை. சத்தத்தை வைத்ததும் அந்தப் பதில் கேட்டது. மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி வாசித்தது. முகம் சிவாஜியுடையது. அந்தக் கழுத்து நரம்பையும் கன்னத்தையும் பார்த்துக்கொண்டே கேட்டால் இரண்டும் வேறு வேறு ஆள் என்று என் மனம் ஒப்புக்கொள்வதே இல்லை.

ஆக, திருத்தப்பட்ட முறை இது: முதல் தடவை சத்தம் இல்லாமல், இரண்டாம் தடவை படம் இல்லாமல், மூன்றாம் தடவை இரண்டும் சேர்த்து. மூன்றாம் தடவையில்தான் விஷயம் பிடிபடும்.

ஜூன் 18

பல வருஷத்துக்கு முன் ஒரு திரைப்பட ரசனை வகுப்பில் சேர்ந்தேன். பாடம் எடுத்தவர் முதல் நாளே, “பாட்டு நம் சினிமாவின் வியாதி, அதை விட்டுவிட்டுப் பார்க்கப் பழகுங்கள்” என்றார். கையைத் தூக்கி எதிர்த்துப் பேச அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே முதல் கேள்வியைப் படித்தபோது அந்த வகுப்பு ஞாபகம் வந்தது. நண்பர் மேல் கோபம் இல்லை. இத்தனை நாளாக உள்ளே வைத்திருந்த பதிலை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 21

‘ஷெர்பூர் நகரத்துக் குடைகள்’ பற்றி எழுதச் சொன்னவருக்கு நன்றி. மறுபடி பார்க்க ஒரு சாக்கு கிடைத்தது.

1964-இல் பிரான்ஸில் ஜாக் தெமி எடுத்தது. இசை மிஷேல் லெக்ராண். பெட்ரோல் போடுவது முதல் காதல் வரை எல்லா வசனமும் பாட்டு. அதனால் ‘பாட்டு வந்ததும் கதை நிற்கிறது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆரம்பத்தில் கேமரா துறைமுகத்தைக் காட்டி அப்படியே குனிந்து நேர் கீழே பார்க்கிறது. கல் பாவிய தரை, மழை, நிறம் நிறமாகக் குடைகள் குறுக்கும் நெடுக்கும் போகின்றன. பெர்க்லியின் அதே கோணம்தான். ஆனால் இங்கே யாரும் வரிசையில் இல்லை. அவரவர் வழியில் வந்து, ஒரு கணம் ஒன்றாகி, பிரிந்து போகிறார்கள். அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் அந்தக் காதலர்களுக்கு நடக்கப்போவதும் அதுதான்.

கியி என்ற மெக்கானிக் பையன் அல்ஜீரியப் போருக்குக் கிளம்புவதற்கு முன்னால் காதலி ஜெனவியேவோடு தெருவில் போகிற காட்சி ஒன்று வரும். இருவரும் நடக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறார்கள். ட்ராலி மேல் நிற்க வைத்துத் தள்ளியிருக்கிறார்கள். காதலர்கள் மிதப்பதாக எல்லாரும் சொல்வார்கள், நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். இந்த வாரம் பார்த்தபோது பயமாக இருந்தது. காலை ஊன்றி நடக்கிறவன் நின்றுவிடலாம். தள்ளப்படுகிறவன் நிற்க முடியாது. ராணுவத்துக்கு வரச்சொல்லிக் காகிதம் வந்துவிட்டது, அவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

ரயில் நிலையத்தில் அவளை நடைமேடையில் விட்டுவிட்டு கேமரா ரயிலோடு விலகிப் போகும். அவள் சின்னதாகிக்கொண்டே போவாள். இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வழியனுப்பப் போனவர்களுக்குத் தெரியும்.

ஜூன் 22

சுவர்க் காகிதத்தைச் சொல்ல விட்டுப்போய்விட்டது. பெர்னார் எவெனின் கலை இயக்கம். ஜெனவியேவின் அம்மாவான குடைக்கடைக்காரி வீட்டுச் சுவர்கள் ரோஜா நிறம், பச்சை, ஊதா என்று கத்துகின்றன. கர்ப்பமாக இருக்கும் ஜெனவியேவ் ஒரு காட்சியில் சுவரோடு ஒத்துப்போகிற உடையில் இருப்பாள். எங்கே சுவர் முடிகிறது, எங்கே அவள் ஆரம்பிக்கிறாள் என்று ஒரு கணம் தெரியாது. வசதியான வேறொருவரை மணக்க வேண்டும் என்ற அம்மாவின் விருப்பத்துக்கு அவள் இணங்கப்போகிறாள் என்பதை நான் அங்கேயே தெரிந்துகொண்டேன்.

ஜூன் 22, இரவு

குடை என்றதும் ஹாலிவுட் நடிகர் ஜீன் கெல்லி ஞாபகம். 1952-இல் ‘சிங்கின் இன் தி ரெயின்’ படத்தில் மழையில் அவர் ஆடிய ஆட்டம் உலகத்துக்கே தெரியும். குடை கையில் இருக்கிறது, மடக்கிவிட்டு நனைகிறார். கடைசியில் வழியில் போகிறவருக்கே அதைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அங்கே சந்தோஷம் என்றால் குடை தேவைப்படாத நிலை. ஷெர்பூரில் குடைதான் பிழைப்பு. அதே கெல்லி, 1967-இல் வெளிவந்த தெமியின் இன்னொரு இசைப்படத்தில் நடிக்க பிரான்ஸுக்குப் போனார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சந்தோஷம் தருகிற விஷயம்.

ஜூன் 28

ஒரு வாரம் எழுதவில்லை. நேற்று இரவு மகளோடு உட்கார்ந்து ஷெர்பூரின் கடைசிக் காட்சியை, நாங்களே வகுத்த மூன்று தடவை முறையில் பார்த்தோம்.

தெரியாதவர்களுக்காக: வருஷங்கள் போய்விட்டன. 1963 டிசம்பர், பனி கொட்டுகிறது. கியிக்கு இப்போது சொந்த பெட்ரோல் பங்க், மனைவி, பையன். ஜெனவியேவ் வேறொருவரை மணந்துகொண்டு வசதியாக இருக்கிறாள். தற்செயலாக அவள் கார் அந்த பங்குக்கு வருகிறது. காரில் ஒரு சின்னப் பெண். கியியின் மகள். அவன் அவளைப் பார்த்ததே கிடையாது. குளிருக்காக இரண்டு பேரும் உள்ளே போய் நின்று பேசுகிறார்கள். குழந்தை வெளியே காரில்.

மகள் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்க்கிறான், ஒரு கோடு. அவள் அவனைப் பார்க்கிறாள், ஒரு கோடு. குழந்தையைப் பார்க்கிறாயா என்று அவள் கேட்கிறாள். அவன் தலையை ஆட்டி வேண்டாம் என்கிறான். பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. அறைக்குள் இருக்கும் அவன் புள்ளியிலிருந்து காருக்குள் இருக்கும் குழந்தைப் புள்ளிக்கு நாலு விரற்கடைதான்.

“இங்கே கோடு போடணுமா அப்பா?”

போடாதே என்றேன். கார் கிளம்பியது. அவன் மனைவியும் பையனும் திரும்பி வந்தார்கள், பனியில் விளையாடினார்கள், கேமரா மேலே ஏறியது. இரண்டாம் தடவைக்குப் படத்தை மறைத்துப் பாட்டை மட்டும் போடுவதாக இருந்தோம். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தாளில் அந்த இடம் வெள்ளையாகவே இருக்கிறது.